பீட்ரூட் சாட்டை

மலைக்குக் கிளம்பிய அன்று காலையில் நான் செய்த முதல் வேலை, கோயில் வாசலில் நின்று எல்லாப் பையன்களிடமிருந்தும் பெல்ட்டைக் கழற்றி வாங்கியதுதான். எங்கள் மேனாம்பேட்டில் சண்டை என்றால் கைக்கு முன்னால் பெல்ட் வரும். பக்கிள் வெளியே தொங்கும்படி முஷ்டியில் சுற்றிக்கொண்டு விளாசுவார்கள். என் இடது புருவத்தில் மயிர் முளைக்காத இடம் அப்படி ஒரு பக்கிள் போட்ட கோடு. மூன்று நாள் மலையில் இவர்களை நான் மேய்க்க வேண்டும் என்றால் பெல்ட் கூடாது என்று சொல்லிவிட்டேன். அதனால் பாதிப் பேர் ஒரு கையால் பாறையையும் இன்னொரு கையால் பேன்ட்டையும் பிடித்துக்கொண்டு ஏறினார்கள்.

"ணா, அவுந்துச்சுன்னா இன்னா பண்றது?"

"கம்முனு ஏறு மாமே. மேல காத்து சூப்பரா வரும்."

தவக்காலத்தில் எங்கள் கோயில் பையன்களை இப்படிக் கூட்டிப் போவது வழக்கம். ஆந்திரா எல்லைப் பக்கம் ஒரு மலை. உச்சியில் சிமெண்டில் ஒரு சிலுவை நிற்கும். இரண்டு நாள் நடந்து, கூடாரம் போட்டுத் தங்கி, மூன்றாம் நாள் காலையில் ஆண்டவர் சிலுவை சுமந்து போன சிலுவைப் பாதையை வேஷம் கட்டி நடித்துக்கொண்டே உச்சிக்குப் போய், பிறகு அடிவாரத்துக்கு இறங்கினால் அங்கே பெற்றோர் எல்லாம் வந்திருப்பார்கள். பூசை, மோர் சாதம், வீடு.

நான் ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதுதான் முதலில் என்னை விட்டது என்றும் ஒரு பேச்சு உண்டு. அம்பத்தூர் எஸ்டேட்டில் வெல்டிங் ஷாப்பில் வேலை. பையன்கள் என் பேச்சைக் கேட்பார்கள், கேட்காதவன் என் கையைக் கேட்பான் என்று ஃபாதருக்குத் தெரியும். அவருக்கு முட்டி வலி, மலை ஏற மாட்டார். அதனால் என்னை அனுப்பினார். என்னை மட்டும் அனுப்பப் பயந்து, நாகர்கோவிலிலிருந்து வந்து ஐடி கம்பெனியில் வேலை பார்க்கும் ஒருவரையும் கூட அனுப்பினார். அவர் ஷூ மட்டும் எங்கள் எல்லோருடைய மூட்டையை விடவும் அழகாக இருந்தது. எது சொன்னாலும் "மக்கா" என்றுதான் ஆரம்பிப்பார்.

இந்தக் கூட்டத்தில் இரண்டு பேர் மேல்தான் என் கண் முழுக்க இருந்தது.

ஒருவன் எங்கள் தெருப் பையன், பதினொன்றாவது படிக்கிறான். நெட்டை என்று கூப்பிடுவோம். கபடி ஆடுவான். இன்னொருவன் அவன் வகுப்புதான், பருத்திப்பட்டு ஏரிக்கரையில் பெரிய ஃபிளாட்டில் இருக்கிறான். "எங்க பால்கனிலேர்ந்து பாத்தா ஏரி தெரியும்" என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிவிட்டான். அன்றிலிருந்து அவன் பெயர் பால்கனி. அந்தப் பெயரை நான்தான் வைத்தேன், நன்றாகவே ஒட்டிக்கொண்டது.

பள்ளி மைதானத்தில் கபடி ஆடும்போது, விசில் ஊதி முடிந்த பிறகும் நெட்டை விடாமல் பால்கனியின் கையை முறுக்கி மண்ணில் போட்டான். முழங்கைக்குக் கீழே எலும்பு போய்விட்டது. பால்கனி ஷட்டில் ஆடுகிறவன், அதே கையால்தான். கட்டுப் போட்ட கையோடு உட்கார்ந்து மாவட்டப் போட்டியை வேடிக்கை பார்த்தான். கட்டை இப்போதுதான் பிரித்திருந்தார்கள். அதற்கு முன்னாலேயே நெட்டை பேரில் அடிதடிப் புகார் நிறைய இருந்தது.

பள்ளிக்கூடத்துக்கும் தாளாளர் எங்கள் ஃபாதர்தான். நெட்டையின் அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னார்: "மலைக்கு ரெண்டு பேரையும் அனுப்புறேன். மூணு நாள் யாரையும் அடிக்காம இவன் எறங்கி வரட்டும். பிளஸ் டூ இங்கேயே படிக்கலாம். ஒரு அடி அடிச்சான்னு தெரிஞ்சாலும் டி.சி.தான். அப்புறம் எங்கிட்ட வந்து அழக் கூடாது."

அந்த அம்மா பிளாஸ்டிக் கம்பெனியில் நைட் ஷிஃப்ட் முடித்து அப்படியே வந்திருந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. வெளியே வந்ததும் என்னிடம் சொன்னார்: "இவனாச்சும் படிக்கணும் கண்ணு. இல்லாங்காட்டி உன்ன மாரி ஆயிடுவான்."

"நான் இங்கதான் நின்னுகினு கீறேன், அக்கா."

"தெரியும் கண்ணு. அதான் உங்கிட்ட சொல்றேன்."

முதல் நாள் மதியமே ஆரம்பித்தது. செங்குத்தான ஓரிடத்தில் நெட்டை ஒரு விளிம்பைப் பற்றிக்கொண்டு தொங்கினான். மேலே நின்ற பால்கனி, வேறு எங்கேயோ பார்ப்பது போல, அவன் விரல்மேல் ஷூவை வைத்து அழுத்தித் திருகினான். நெட்டை கத்தவில்லை. மேலே ஏறி வந்தான், விரலைப் பார்த்தான். இரண்டு நகம் கறுத்திருந்தது. நேராக ஒரு வேல மரத்திடம் போய் அதை ஒரு குத்து விட்டான். பட்டை பெயர்ந்தது, கைத்தோலும் பெயர்ந்தது.

"மரத்த அடிச்சா கணக்குல வராதுல்ல, ணா?" என்றான்.

"வராது. மரம் ஃபாதர் ஸ்கூல்ல படிக்கல."

அவன் சிரிக்கவில்லை. நான் மட்டும் சிரித்தேன். பிறகு பால்கனியைத் தனியாகக் கூப்பிட்டு அவன் காதைத் திருகி, "ஷூவ வச்சி வெளையாடுன, ஷூ இல்லாம ஏற வுட்ருவேன்" என்றேன். அவன் காது சிவக்கச் சிவக்க என்னையே பார்த்தான். "என் கைய ஒடச்சப்ப யாரு அவன் காத திருகுனா?" என்றான். எனக்குப் பதில் வராத நேரங்களில் நான் செய்வதையே செய்தேன். மண்டையில் ஒரு தட்டுத் தட்டி அனுப்பினேன்.

இரண்டாம் நாள் சுனைக்குப் பக்கத்தில் கல் பறந்தது. யார் முதலில் தண்ணீர் பிடிப்பது என்று மேனாம்பேட்டுப் பையன்களும் ஏரிக்கரை ஃபிளாட் பையன்களும் முதலில் பாட்டிலால் அடித்துக்கொண்டார்கள், அப்புறம் கல்லால். ஒருவன் காது கிழிந்து சட்டைக் காலர் வரைக்கும் ரத்தம். நாகர்கோவில்காரர் நடுவில் புகுந்து "ஏ மக்கா, வேண்டாம் மக்கா" என்று கையை விரித்தார். அவர் தொப்பியை ஒரு கல் கொண்டுபோயிற்று. நான் பேசவில்லை. கூடாரக் கம்பு ஒன்றை எடுத்துக்கொண்டு இரண்டு பக்கமும் சமமாகக் கெண்டைக்காலில் வைத்துக்கொண்டே போனேன். கல்லைக் கீழே போட்டவன் தப்பித்தான், போடாதவன் நொண்டினான்.

அடித்துக்கொண்டே நெட்டையைத் தேடினேன். அவன் தூரத்தில் ஒரு பாறையில் உட்கார்ந்திருந்தான். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்திருந்தான். அவன் நண்பனின் காதில் ரத்தம் ஒழுகுவதைப் பார்த்துக்கொண்டு, தாடை மட்டும் ஆட, அப்படியே இருந்தான்.

அன்று சாயங்காலம்தான் வேஷத்துக்குச் சீட்டு எடுத்தோம். முன்பெல்லாம் ஆண்டவர் வேஷம் யாருக்கு என்பதில் கோயிலுக்கு ஃபேன் வாங்கிக் கொடுத்த வீட்டுக்கும் மைக் செட் வாங்கிக் கொடுத்த வீட்டுக்கும் பெரிய தகராறு வரும். அதனால் ஃபாதர் ஒரு விதி போட்டார்: சீட்டுதான், விழுந்தது விழுந்தது, மாற்றக் கூடாது. நாகர்கோவில்காரர் தன் அடிபட்ட தொப்பியில் துண்டுக் காகிதங்களைக் குலுக்கினார்.

நெட்டைக்கு ஆண்டவர் வேஷம் விழுந்தது. சாட்டையால் அடிக்கும் சேவகன் வேஷம் பால்கனிக்கு விழுந்தது.

பையன்கள் எல்லாம் சேர்ந்து விசிலடித்தார்கள்.

நான் நாகர்கோவில்காரரைத் தள்ளிக்கொண்டு போனேன். "சார், திரும்பக் குலுக்குங்க. இது வெளங்காது."

"மாத்தப்பிடாதுன்னு ஃபாதர் சொல்லியிருக்காருல்லா. பொறவு மத்தவன் கேப்பான், அவனுக்கு மட்டும் ஏன் மாத்துனீங்கன்னு. சாட்ட வெறும் துணிதானே மக்கா? யாருக்கு வலிக்கும்?"

அது உண்மைதான். எங்கள் கோயில் சாட்டை பழைய பருத்திப் புடவையைக் கிழித்துத் திரித்தது. பீட்ரூட் சாற்றில் ஊறப்போட்டு எடுப்போம். அடித்தால் ஈரத்துணி பட்ட மாதிரித்தான் இருக்கும், ஆனால் முதுகில் சிவப்புக் கோடு விழும். பார்க்கிறவர்கள் அழுவார்கள், வாங்குகிறவன் உள்ளுக்குள் சிரிப்பான். நானே ஒரு வருஷம் வாங்கியிருக்கிறேன். அதனால் விட்டுவிட்டேன்.

காலையில் பார்த்தால் சாட்டை இல்லை. பீட்ரூட் இனிப்பு வாசனைக்குக் குரங்கு வந்து பிளாஸ்டிக் கவரைக் கிழித்துத் தூக்கிக்கொண்டு போயிருந்தது. ஒரு மரத்தின் உச்சியில் குட்டிக் குரங்கு ஒன்று அதைச் சப்பிக்கொண்டிருந்தது. கல்லெறிந்தோம். அது எங்களைப் பார்த்துப் பல்லைக் காட்டிவிட்டு இன்னும் மேலே போயிற்று.

தார்ப்பாய் கட்டிய நூல்கயிறு இருந்தது. அதில் மூன்று துண்டு வெட்டி, நுனியில் முடிச்சுப் போட்டுப் பால்கனி ஒரு சாட்டை செய்தான். முடிச்சை நான் கவனித்தேன். "முடிச்ச அவுறு" என்றேன், அவிழ்த்தான். சிவப்புக்கு என்ன செய்வது? வேறு கூட்டமாக இருந்தால் யார் பையிலாவது ஒரு குங்குமப் பொட்டலம் இருந்திருக்கும். எங்கள் பையன்களிடம் அது எங்கே கிடைக்கும்? சமையல் மூட்டை ரசம் என்கிற குண்டுப் பையன் பொறுப்பு. எல்லாவற்றிலும் ரசம் ஊற்றித் தின்பான், அதனால் அந்தப் பெயர். "கலர்தானே? நான் பாத்துக்கறேன்" என்று கயிற்றை வாங்கிக்கொண்டு போய், கொஞ்ச நேரத்தில் நல்ல சிவப்பாகக் கொண்டுவந்து கொடுத்தான். நான் அப்போது சவுக்கு மரக் கட்டை இரண்டைச் சிலுவையாகக் கட்டிக்கொண்டிருந்தேன். எதில் நனைத்தாய் என்று யாரும் கேட்கவில்லை.

நெட்டை வேட்டியோடு, வெற்று முதுகோடு சிலுவையைத் தோளில் எடுத்தான். நாகர்கோவில்காரர் கையில் மைக்கோடு ரொம்ப முன்னால் போய், சிலுவைப் பாதையின் ஒவ்வொரு தலமாக வாசித்துக்கொண்டே ஏறினார். அவருக்குப் பின்னால் ஜெபம் சொல்லும் கூட்டம். அதற்கும் பின்னால் சிலுவை, சேவகர்கள், கடைசியில் நான்.

முதல் அடி விழுந்ததும் நெட்டையின் முதுகு ஒருமுறை துள்ளியது. சரி, நடிக்கிறான் என்று நினைத்தேன். இரண்டாவது அடிக்கும் துள்ளியது. ஈரக்கயிறு காற்றில் விர்ரென்று கூவிக்கொண்டு போய் இறங்கியது. துணிச் சாட்டைக்கு அந்தச் சத்தம் வராது.

"மெதுவா அடிடா" என்றேன்.

"மெதுவாத்தான் ணா" என்றான் பால்கனி. அவன் முகத்தில் வேர்வை. உடைந்து சேர்ந்த அந்தக் கையைத் தோளுக்குப் பின்னால் கொண்டுபோய், ஷட்டில் அடிக்கிற மாதிரி, மணிக்கட்டைச் சுண்டி இறக்கினான். ஒவ்வொரு அடிக்கும் அவன் உதடு அசைந்தது. ஜெபம் இல்லை என்று மட்டும் தெரிந்தது.

ஆண்டவர் முதல் முறை கீழே விழும் இடத்தில் நெட்டை விழுந்தான். எழுந்தபோது கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. நான் பக்கத்தில் போய், "இன்னாடா, நெஜமாவே அழுவுற?" என்றேன்.

"எரியுது ணா" என்றான். "என்னமோ தடவிக்கீறான் பேமானி. நீ கம்முனு இரு. நான் போறேன்."

அப்போதுதான் எனக்கு நெடி அடித்தது. முதுகில் ஒரு இடத்தை விரலால் தொட்டு முகர்ந்தேன். மிளகாய்த்தூள். கோடு கோடாக வீங்கியிருந்த தோலில் மிளகாய்த் தண்ணீர் வேர்வையோடு சேர்ந்து இறங்கிக்கொண்டிருந்தது. சில கோடுகளில் தோல் விட்டுப்போயிருந்தது. நான் "நிறுத்து" என்று கத்தினேன். முன்னால் மைக் சத்தத்திலும் பாட்டுச் சத்தத்திலும் யாருக்கும் கேட்கவில்லை. பால்கனிக்கு நிச்சயம் கேட்டது. ஆனால் அவன் கை நிற்கிற இடத்தைத் தாண்டியிருந்தது. பாறை வளைவுதான் நெட்டை அடுத்த முறை விழ வேண்டிய இடம். அவன் விழும் முன்னாலேயே பால்கனி கழுத்தோடு சேர்த்து ஓர் அடி வைத்தான். கயிற்று நுனி சுற்றிக்கொண்டு போய் நெட்டையின் கண்ணுக்குப் பக்கத்தில் பட்டது.

நெட்டை சிலுவையைக் கீழே போட்டான்.

கட்டை பாறையில் மோதிய சத்தம் இப்போதும் எனக்குக் கேட்கும். அவன் திரும்பினான். ஒரு கண்ணைத் திறக்க முடியவில்லை. வலது கை மெதுவாக மேலே போயிற்று. கபடியில் அவன் கை போகிற வேகம் எனக்குத் தெரியும், மெதுவாகப் போகிறது என்றால் இறங்கும்போது எலும்பு மிஞ்சாது. பால்கனி கயிற்றோடு நின்றான், ஓடவில்லை. பின்னால் பள்ளம்.

யோசித்துச் செய்தேன் என்று சொன்னால் பொய். நடுவில் பாய்ந்து, நான் பால்கனியை அறைந்தேன். வெல்டிங் ஷாப்பில் இரும்பு தூக்கும் கை. அவன் பக்கவாட்டில் போய்ப் பாறையில் வாய் மோத விழுந்தான். உதடு பிளந்தது, முன்பல் ஒன்று பாதியாகி மண்ணில் கிடந்தது.

அவன் வாயைப் பொத்தினான். கயிறு பிடித்த அதே கையால். அடுத்த நொடி அவன் போட்ட கூச்சல் மலையையே தூக்கியது. பல்லுக்காக இல்லை. கையில் இருந்த மிளகாய் கிழிந்த உதட்டில் பட்டுவிட்டது. மண்ணில் உருண்டான். "எரியுது, எரியுது, என்னாது இது" என்று அலறினான். ரசம் ஓடிவந்து, பயந்துபோய், "கலருக்குத்தான் மிளகாத்தூள் போட்டேன், அண்ணாத்தே. தெரியாம போட்டேன், அண்ணாத்தே" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதான்.

பால்கனி உருளுவதை நிறுத்தி நெட்டையின் முதுகைப் பார்த்தான்.

உச்சிக்கு யாரும் போகவில்லை. அடிவாரத்துக்கு இறங்கினோம். பந்தலில் பெற்றோர் எல்லாம் நின்றிருந்தார்கள். மகன் வாயைப் பார்த்ததும் பால்கனியின் அப்பா நேராக நெட்டையின் கழுத்தைப் பிடித்தார்.

"கையை ஒடச்ச, இப்ப பல்லையும் ஒடச்சிட்டியா? ஃபாதர், இதுக்கு மேலயும் இவனை ஸ்கூல்ல வச்சிருப்பீங்களா?"

"சார், அட்ச்சது நானு" என்றேன்.

"உன்னைப் பத்தித் தெரியும். உங்க ஏரியாப் பையன், நீதான் காப்பாத்துவ."

மேனாம்பேட்டுப் பையன்கள் எல்லாம் அண்ணன்தான் அடித்தார் என்றார்கள். ஃபிளாட் பையன்கள் எல்லாம் நெட்டைதான் என்றார்கள். இரண்டு பக்கமும் பாதிப் பேர் முன்னால் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தவர்கள், எதையும் பார்க்காதவர்கள். ஃபாதர் நாகர்கோவில்காரரைக் கேட்டார். அவர் பொய் சொல்லத் தெரியாத மனிதர். "சத்தம் கேட்டுத் திரும்புனேன் ஃபாதர். அந்தப் பய கையத் தூக்கிட்டு நின்னான். இவன் கீழ கெடந்தான். அவ்வளவுதான் பார்த்தேன்."

நெட்டையின் அம்மா பந்தல் கம்பைப் பிடித்துக்கொண்டு மகனின் முகத்தையே பார்த்தார். நெட்டை யார் முகத்தையும் பார்க்கவில்லை. தான் அடிக்கவில்லை என்றுகூட அவன் சொல்லவில்லை. சொன்னால் நம்புகிற ஆள் அங்கே யாரும் இல்லை என்று அவன் எப்போதோ முடிவு கட்டியிருந்தான் போல.

ஃபாதர் பால்கனியிடம் குனிந்தார். "நீ சொல்லுப்பா. யாரு அடிச்சது?"

பால்கனியின் உதடு ஊதி மூக்கைத் தொட்டது. ஒரு வார்த்தை போதும் அவனுக்கு. கை, மாவட்டப் போட்டி, எல்லாவற்றுக்கும் ஒரே வார்த்தையில் கணக்குத் தீர்ந்துவிடும். அவன் அப்பா அவன் தோளை அழுத்தினார்.

"அண்ணன்தான் அடிச்சாரு" என்றான். வாயிலிருந்து ரத்தமும் எச்சிலும் சேர்ந்து வந்தது. "இவன் அடிக்கல. நான்தான் இவனை அடிச்சேன். முதுகப் பாருங்க."

ஃபாதர் நெட்டையின் மேல் கிடந்த துண்டை எடுத்தார். நெட்டையின் அம்மா, சாப்பாட்டுக்கு வைத்திருந்த மோர்ப் பானையைத் தூக்கிவந்து அப்படியே மகன் முதுகில் கவிழ்த்தார். மூன்று நாளாக எந்த வலிக்கும் கத்தாத நெட்டை அப்போது கத்தினான் பாருங்கள், அத்தனை பெற்றோருக்கும் ஃபாதருக்கும் முன்னால், மேனாம்பேட்டில்கூட எல்லோருக்கும் தெரியாத வார்த்தையெல்லாம் வந்தது.

"திங்கக்கிழமை ஸ்கூலுக்கு வா" என்றார் ஃபாதர் அவனிடம். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ இனிமே பசங்க பக்கம் வராத. கோயிலுக்கு வா, பூசை பாரு, போ." பல்லுக்கு ஆகிற செலவையும் என் தலையில் கட்டினார்கள். கட்டட்டும்.

வேனில் எல்லோரும் தூங்கினார்கள். நெட்டை சீட்டில் சாய முடியாமல், பின்னால் மூட்டைகள் மேல் குப்புறப் படுத்திருந்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்து துண்டால் விசிறிக்கொண்டிருந்தேன். திருநின்றவூர் தாண்டியதும் தலையைத் தூக்காமலே கேட்டான்.

"நீ ஏன் ணா நடுவுல வந்தே?"

"வராங்காட்டி நீ அவன அட்ச்சிருப்ப."

"ஆமா. அட்ச்சிட்டு, டிசிய வாங்கிகினு உன் ஷாப்புலயே வேலைக்குச் சேந்துக்கலாம்னு சிலுவ தூக்கிகினு வரும்போதே முடிவு பண்ணிட்டேன். இப்பப் பாரு, இன்னும் ஒரு வருஷம் கணக்கு, கெமிஸ்ட்ரி எல்லாம் படிக்கணும். அவனும் அதே கிளாஸ்ல கீறான். உன்னாலதான்."

"நல்லா படி மாமே."

படுத்தபடியே என் முட்டியில் ஓர் உதை விட்டான். நன்றாகவே வலித்தது. ஆவடி வரைக்கும் தடவிக்கொண்டே வந்தேன்.